பதில்: மாமியார் வழி யூத மரபு, பாஸ்கா விருந்தை நாங்கள் வீட்டில் வைக்கலாமா?

சகோதரி, கணவரின் அம்மா போலந்து யூதக் குடும்பம், நீங்களோ சர்ச்சுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளுக்காகப் பாஸ்கா (எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை) விருந்து வைத்தால் யார் மனமாவது புண்படுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குள் தாராளமாக வையுங்கள். யூதச் சட்டப்படி தாய்வழிதான் கணக்கு, அதனால் உங்கள் கணவர் அவர்கள் பார்வையில் யூதரே. பிள்ளைகள் அப்படி இல்லை.

சங்கடம் வருவது வேறு இடத்தில். விருந்தில் வைக்கும் மூன்று மட்சா (புளிக்காத மாவில் சுட்ட) அப்பங்களைத் திரித்துவம் என்றும், அதிலுள்ள துளைகளை ஆணிக் காயம் என்றும் சில சபைகளில் விளக்குகிறார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். செதர் என்று யூதர்கள் சொல்லும் இன்றைய பாஸ்கா இரவு விருந்து பெரும்பாலும் கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு உருவானது. இயேசுவின் கடைசி இராவுணவு அப்படியே இதுதான் என்று சொல்ல முடியாது.

மாமியாருக்கு முதலில் போன் போடுங்கள். "உங்கள் வீட்டு கெஃபில்டே மீன் இனிப்பா, மிளகா?" என்று கேளுங்கள். விளையாட்டில்லை. அது மீனை அரைத்து உருண்டை பிடித்து வேகவைக்கும் யூதப் பண்டம். போலந்தின் பல பகுதிகளில் சர்க்கரை போடுவார்கள், லித்துவேனியாவில் மிளகுதான். குடும்பம் எந்தப் பக்கம் என்பதற்கு அதுவே ஒரு துப்பு. முன்னோர் பெயர்ப் பட்டியலெல்லாம் அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

மட்சாவைக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும், நம்மால் ஆகிற வேலையில்லை. விருந்தில் வைக்கும் கசப்புக் கீரைக்குப் பதில் ஹார்ஸ்ராடிஷ் (காரமான ஒரு கிழங்கு) துருவினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான் பட்டிருக்கிறேன், கண்ணில் நீர் நிற்கவில்லை. 'இந்த இரவு ஏன் வேறுபட்டது' என்று விருந்தில் கேட்கும் நான்கு கேள்விகளைக் கேட்பது கடைக்குட்டியின் உரிமை, மூத்தவனுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.