முகவையிலிருந்து முகவரைத் தேடும் முன்

கேள்வி: பாம்பன் அருகே ஒரு கடலோரக் கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றித் தமிழில் 300 பக்க நாவல் எழுதி முடித்திருக்கிறேன். இலக்கிய முகவர் இல்லாமல் நல்ல பதிப்பகம் அமையாது என்கிறார்கள். தம்மை முகவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், படித்துப் பார்ப்பதற்கே 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கரையில் மீனை ஏலம் விடுபவர், மீன் விலைபோன பிறகுதான் தமது கமிஷனை எடுத்துக்கொள்கிறார். கூடையைத் திறந்து பார்ப்பதற்கே காசு கேட்டால் எந்தப் படகுக்காரரும் அவரிடம் மீனைக் கொண்டுபோக மாட்டார். இலக்கிய முகவரின் தொழிலும் அப்படிப்பட்டதே. எழுத்தாளரின் சார்பில் பதிப்பகத்தோடு பேசி, ஒப்பந்தம் முடிந்து பணம் வரும்போது அதில் பொதுவாக 15 விழுக்காட்டையும், வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 விழுக்காடு வரையிலும் பெற்றுக்கொள்வார். முன்பணமாகவோ பிரதியைப் படிப்பதற்கான கட்டணமாகவோ கேட்பவர் உங்கள் புத்தகத்தை விற்றுப் பிழைப்பவர் அல்லர்.

அதைவிட முக்கியமான செய்தி, தமிழ் நாவலைத் தமிழில் வெளியிட உங்களுக்கு முகவரே தேவையில்லை என்பது. தமிழ்ப் பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளரிடமிருந்தே நேரடியாகக் கையெழுத்துப் பிரதியைப் பெறுகின்றன. விலையில் 10 விழுக்காடு என்பதே இங்கே பரவலாக வழங்கும் உரிமத்தொகை (ராயல்டி). சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் அந்தத் தொகையில் ஒரு முகவர் பங்கு பெற்றுக் குடும்பம் நடத்த இயலாது.

பதிப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் அண்மைக்கால நாவல்கள் இரண்டையாவது வாங்கிப் படித்து, உங்கள் எழுத்துக்கு அங்கே இடமிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம், முடிவையும் மறைக்காமல் சொல்லும் இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் ஆகியவற்றை யூனிகோடு எழுத்துருவில் அனுப்புங்கள். காலமும் கவனிக்க வேண்டியதே. சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி நடப்பதால், கார்த்திகை, மார்கழியில் போய்ச் சேரும் பிரதியைப் பிரித்துப் பார்க்கக்கூடப் பதிப்பகத்தில் ஆள் இருக்காது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாள்களே இதற்கும் ஏற்றவை எனலாம். கச்சான், சோழகம் என்று காற்றுகளைக் குறிக்கும் பெயர்கள் போன்ற உங்கள் கரையின் சொற்களைப் பதிப்பாசிரியருக்குப் புரியாதோ என்று அஞ்சி மாற்றிவிடாதீர்கள். வேண்டுமானால் கடைசியில் ஒரு சொற்பட்டியல் சேர்க்கலாம்.

நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய இடம் ஒப்பந்தம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு, எவ்வளவு உரிமத்தொகைக்கு என்பவையெல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்வதும், ‘அனைத்து உரிமைகளும்’ என்ற இரண்டு சொல்லில் கையெழுத்திடுவதும் ஒரே அளவு ஆபத்தானவை. தமிழில் அச்சு நூலாக வெளியிடும் உரிமையை மட்டும் கொடுத்து, மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க நேர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் புத்தகம் வெளிவரும் மகிழ்ச்சியில் மொத்த உரிமையையும் எழுதிக் கொடுப்பவரின் நிலையும் ஏறத்தாழ அதுதான்.

முகவர் தேவைப்படுவது, நாவல் ஆங்கிலத்துக்குப் போகும்போது. ஜெய்ப்பூரின் சியாஹி, தில்லியின் ரைட்டர்ஸ் சைடு, ரெட் இங்க் போன்ற முகவாண்மைகள் இந்திய எழுத்தாளர்களுக்காகச் செயல்படுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் தமிழ் படிக்க இயலாதவர்கள் என்பதால் தமிழ்ப் பிரதியை அனுப்பிப் பயனில்லை. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு சேர்ந்து 20, 30 பக்க ஆங்கில மாதிரி ஒன்றைத் தயார் செய்ய வேண்டும். கணக்கையும் முன்னரே தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலப் பதிப்பகம் ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் தந்து, அதை மொழிபெயர்ப்பாளரோடு நீங்கள் சரிபாதியாகப் பகிர்ந்தால், உங்கள் 50,000 ரூபாயில் முகவருக்கு 15 விழுக்காடான 7,500 போக 42,500 ரூபாய் உங்களுக்கு நிற்கும். ஒன்றும் விற்காவிட்டால் முகவருக்கும் ஒன்றும் இல்லை.

தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி, புத்தக விற்பனைக்காக அல்லாமல் மொழிபெயர்ப்பு உரிமைப் பரிமாற்றத்துக்காகவே நடத்தப்படுவது. தமிழ்ப் பதிப்பு வெளிவந்த பின், பிற மொழி உரிமைகளுக்கு அங்கே ஆள் தேடும்படி உங்கள் பதிப்பாளரைக் கேட்கலாம். அவரே முகவராகச் செயல்பட முன்வந்தால், அவருடைய பங்கு எத்தனை விழுக்காடு என்பதைத் தனித் தாளில் எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொண்ட பிறகு சம்மதியுங்கள்.