உண்டியலை எடுப்பதற்கு முன் ஒரு போன் பண்ணுங்கள்

கேள்வி: எங்கள் பள்ளிச் சேவை மன்றத்துக்கு இந்த ஆண்டு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் 28 பேர். போன ஆண்டு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டுக்காக ஒரு கலை நிகழ்ச்சி நடத்தினோம். கூட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் அரங்க வாடகை, மைக் செட், டி-ஷர்ட் செலவெல்லாம் போக மிஞ்சியது சொற்பம். தன்னார்வப் பணி என்றால் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கை தூக்குகிறார்கள். அன்றைக்கு வருவது ஏழெட்டுப் பேர்தான். இந்த ஆண்டு பணம் திரட்டுவதா, நேரில் போய் வேலை செய்வதா? எதில் தொடங்குவது? – பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: இரண்டையும் செய்யலாம். அதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன். அந்த வார்டுக்கு என்ன தேவை என்று போன ஆண்டு யாராவது விசாரித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெரும்பாலான மன்றங்களில் நடப்பது இதுதான்: "கலை நிகழ்ச்சி வைப்போம்" என்று முதல் கூட்டத்திலேயே கைதட்டி முடிவெடுப்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு மூன்றாவது கூட்டத்தில்தான் வரும். அதற்குள் அரங்கத்துக்கு முன்பணம் போயிருக்கும்.

வரிசையை மாற்றுங்கள். பொறுப்பாசிரியரோடு போய் வார்டின் தலைமைச் செவிலியரையோ, மருத்துவமனையில் நன்கொடை விவகாரம் பார்ப்பவரையோ சந்தியுங்கள். முடியாவிட்டால் போனில் பேசுங்கள். உங்களுக்கு என்ன தேவை? எது ஏற்கெனவே வேண்டிய அளவு குவிந்து கிடக்கிறது? நாங்கள் கொடுப்பதை யார் வாங்கிக்கொண்டு ரசீது தருவார்? இந்த மூன்றையும் கேளுங்கள். நடுக்கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் மூன்றிலும் அதிகம் பயன்படுவது அதுதான். குழந்தைகள் வார்டு என்றதும் எல்லோருக்கும் கரடி பொம்மைதான் ஞாபகம் வருகிறது. துணிப் பொம்மையைத் துடைத்துக் கிருமிநீக்கம் செய்வது சிரமம் என்பதால் பல மருத்துவமனைகள் அதை வாங்குவதே இல்லை. துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள், புதிய கிரேயான், படப் புத்தகம், துணைக்கு இருக்கும் தாய்மார் உட்கார நாற்காலி என்று அவர்கள் சொல்லும் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். பேரிடர் சமயத்தில் பழைய துணி மலைபோல் குவிந்து, அதைப் பிரித்து அடுக்கவே தனியாக ஆள் போட வேண்டி வருவதும் இதே காரணத்தால்தான். கொடுப்பவர்கள் வீட்டு அலமாரியைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். வாங்குபவரை யாரும் கேட்பதில்லை.

பட்டியல் கைக்கு வந்துவிட்டால் நிதி திரட்டும் வேலை பாதி முடிந்த மாதிரி. "குழந்தைகள் நலனுக்கு நன்கொடை தாருங்கள்" என்றால் எவ்வளவு தருவது, எதற்குத் தருவது என்று எதிரில் இருப்பவருக்குப் புரியாது. கேட்கும் தொகை சிறியதாகவும் குறிப்பிட்டதாகவும் இருந்தால் கை தானாகப் பைக்குள் போகும். 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடக் கிளம்பிய டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஒவ்வொரு கனடியரிடமும் கேட்டது ஒரே ஒரு டாலர். 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, அவருக்கிருந்த புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் அவரால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. ஆனாலும் 1981 பிப்ரவரிக்குள் தொகை 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. அப்போது கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு டாலர் என்ற கேள்வி யாரையும் பயமுறுத்தவில்லை, யாரையும் விட்டுவிடவும் இல்லை.

நீங்களும் அப்படிக் கேட்கலாம். வீட்டு வாசலிலோ கடையிலோ பேச வேண்டியது இவ்வளவுதான்: "வணக்கம். நாங்கள் பக்கத்துப் பள்ளியின் சேவை மன்றம். மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் 40 படப் புத்தகம் கேட்டிருக்கிறார்கள், 26 சேர்ந்துவிட்டது. ஒரு புத்தகத்துக்கு நீங்கள் உதவ முடியுமா?" இதைக் கூட்டத்தில் ஜோடி ஜோடியாக நின்று சத்தமாகப் பேசிப் பழகச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை. வாசலில் நாக்கு ஒட்டிக்கொள்வதைவிடக் கூட்டத்தில் சிரித்துத் தீர்ப்பது மேல். "வேண்டாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழகுங்கள். தனியாக யாரையும் அனுப்ப வேண்டாம். இருவர் இருவராக, வெளிச்சம் இருக்கும்போதே, பள்ளி அடையாள அட்டையும் தலைமை ஆசிரியரின் அனுமதிக் கடிதத்தின் நகலும் கையில் இருக்க வேண்டும். பொது இடத்தில் வசூலிக்க உங்கள் பகுதியில் தனி அனுமதி தேவையா என்பதைப் பள்ளி மூலமாக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கலை நிகழ்ச்சி. நூறு வந்து எண்பது செலவானால் அது நிதி திரட்டல் அல்ல, விழா. விழா வைப்பதில் தப்பில்லை. அதை விழா என்றே சொல்லுங்கள், டிக்கெட்டில் குழந்தைகள் வார்டின் பெயரைப் போடாதீர்கள். பணமே நோக்கம் என்றால், செலவு ஏறக்குறைய இல்லாத வழியைத் தேடுங்கள். பள்ளி மைதானத்தில் வாக்கத்தான் வைக்கலாம், வாசிப்புப் போட்டி வைக்கலாம். ஒரு சுற்றுக்கு இவ்வளவு, ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்கள் வாக்குக் கொடுப்பார்கள். 28 பேரும் ஆளுக்கு 5 பேரைப் பிடித்தால் 140 நன்கொடையாளர்கள். இதில் ஓட்டை எங்கே விழும் என்றால், நடந்து முடிந்தபின் வசூலுக்குப் போகும்போது. "அடுத்த வாரம் வாம்மா" என்பார்கள். அந்த அடுத்த வாரம் வராது. அதனால் சுற்றுக் கணக்கை ஒரு சுவாரசியத்துக்கு வைத்துக்கொண்டு, ஒரு முழுத் தொகையாக முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. டி-ஷர்ட் அச்சடிப்பதை நான் கடுமையாக எதிர்ப்பவன். கட்டாயம் வேண்டுமென்றால் போட்டுக்கொள்பவர் தன் காசில் வாங்கட்டும்.

இதை ஒட்டி ஒரு கணக்கு விதி. லயன்ஸ் சங்கங்களில், பொதுமக்களிடம் திரட்டிய பணத்தையும் உறுப்பினர் சந்தா முதலான நிர்வாகப் பணத்தையும் கலக்கக் கூடாது. பொதுமக்கள் கொடுத்தது பொதுமக்களுக்கே போக வேண்டும். உங்கள் மன்றம் எந்த அமைப்போடும் சேராததாக இருந்தாலும் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு வாங்கும் பிஸ்கட், பேனர், பொறுப்பேற்பு விழா மாலை எல்லாம் சந்தாப் பணத்திலிருந்து. உண்டியல் பணத்திலிருந்து ஆட்டோ வாடகை எடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். அப்படி எடுப்பதாக இருந்தால், "போக்குவரத்துச் செலவு போக மீதி" என்று கேட்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ரொக்கம் எண்ணும் இடத்தில்தான் நல்ல பிள்ளைகளின் பெயர் கெடுகிறது. பெரும்பாலும் திருட்டால் அல்ல, அசட்டையால். உண்டியலின் மூடியையும் உடலையும் சேர்த்துக் காகிதப் பட்டை ஒட்டி, அதன் குறுக்கே பொறுப்பாசிரியரும் பொருளாளரும் கையெழுத்துப் போடட்டும். ஒவ்வொரு உண்டியலுக்கும் ஓர் எண் கொடுங்கள். எந்த எண் யார் கைக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்குத் திரும்பியதும் பட்டை கிழியாமல் இருக்கிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்த்துத் திறக்க வேண்டும். மேசையில் மூன்று பேர்: ஒருவர் நோட்டையும் சில்லறையையும் பிரிக்க, ஒருவர் எண்ண, ஒருவர் எந்த மதிப்பில் எத்தனை என்று எழுத வேண்டும். பிறகு எண்ணியவரும் எழுதியவரும் இடம் மாறி இன்னொரு முறை எண்ண வேண்டும். இரண்டு தொகையும் ஒத்துப்போனால் மூவரும் ஆசிரியரும் கையெழுத்திட்டு, பள்ளி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். இரவு யார் வீட்டிலும் பணம் தங்கக் கூடாது. தலைவர் வீடாக இருந்தாலும் சரி. இணையவழியில் வாங்குவதாக இருந்தால் கியூஆர் கோடு பள்ளிக் கணக்குக்கோ நேரடியாகப் பெறும் நிறுவனத்துக்கோ போக வேண்டும். ஒரு மாணவரின், ஏன், ஓர் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்குப் போவதற்கும் சம்மதிக்காதீர்கள்.

இனி ஆட்கள் வராத பிரச்சினை. "ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்?" என்று குழுவில் கேட்டால் கட்டைவிரல் படம் போடுவது சுலபம். அந்தக் கட்டைவிரலுக்கு வேலை எதுவும் இல்லை, அதனால் வராவிட்டாலும் குற்ற உணர்வு இல்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பெயர் போடுங்கள். "9 முதல் 11 வரை புத்தகம் பிரிப்பது, 2 பேர்." "11 முதல் 1 வரை அட்டை போடுவது, 3 பேர்." பெயரைத் தாளில் அவர்களே எழுதட்டும். பக்கத்திலேயே மாற்று ஆள் ஒருவரின் பெயரும் இருக்கட்டும். முந்தின நாள் மாலை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு நினைவூட்டுங்கள். குழுவில் போடும் நினைவூட்டலை எல்லோரும் இன்னொருவருக்கானது என்றே நினைத்துக்கொள்வார்கள். இதற்குப் பிறகும் 28 பேரும் வரமாட்டார்கள். வரவும் தேவையில்லை. ஏழெட்டுப் பேர் செய்யும் வேலைக்கு 28 பேர் போனால் இருபது பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வார்டுக்குள் போய்ப் பிள்ளைகளோடு விளையாட ஆசை இருக்கும். பல மருத்துவமனைகள் தன்னார்வலருக்கு வயது வரம்பு வைத்திருக்கின்றன. சளி, காய்ச்சல் உள்ளவர் உள்ளே போகவே கூடாது. அனுமதி கிடைத்தாலும் நோயாளிக் குழந்தையைப் படம் எடுப்பதும் பகிர்வதும் கூடவே கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே இருந்து செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நேரத்தை வேறு இடத்தில் செலவிடுங்கள். உங்கள் பள்ளியிலேயே வாசிக்கத் திணறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். நான்கு பேர் வாரம் ஒருநாள், அதே பிள்ளையோடு, ஆண்டு முழுக்க உட்கார்ந்து வாசித்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். சிறு பிள்ளைகளிடமும் முதியோரிடமும் ஒருநாள் கொட்டு மேளத்தோடு போய்விட்டு அப்புறம் காணாமல் போவதைவிடப் போகாமலே இருப்பது நல்லது என்பது என் கருத்து. அவர்கள் அடுத்த வாரமும் காத்திருப்பார்கள்.

சான்றிதழுக்காக மணிநேரம் சேர்க்கும் உறுப்பினர்களைப் பற்றி முகம் சுளிக்க வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற 40 மணிநேரச் சமூகப் பணி கட்டாயம். மணிநேரத்துக்காக வந்து வேலையில் ஒட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். செய்யாத மணிநேரத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தந்த நாளே வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றையும் எழுதி, அங்கிருந்த பெரியவர் ஒருவரின் கையெழுத்தை வாங்கிவிட்டால் ஆண்டுக் கடைசியில் நட்புக்காகப் பொய்க் கணக்கு எழுத வேண்டி வராது.

ஒரு ஆண்டுக்கு எத்தனை திட்டம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் செயலாளர் என்பதால் சொல்கிறேன். 1962-இல் ரோட்டரி தொடங்கிய இன்டராக்ட் மன்றங்கள் 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானவை. அவற்றிடம் ரோட்டரி எதிர்பார்ப்பது ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு திட்டம்: ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ, மற்றொன்று உலக நல்லிணக்கத்துக்கு. இரண்டே இரண்டு. நீங்களும் ஒரு நிதி திரட்டல், ஒரு தொடர் பணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் நடுவது, பேரணி, ஓவியப் போட்டி என்று மாதம் ஒன்றாகக் காலண்டரை நிரப்பச் சொல்லி அழுத்தம் வரும். தேர்வு நெருங்கும்போது அதையெல்லாம் தூக்கிச் சுமப்பது நீங்களும் பொருளாளரும்தான்.

பொருளை ஒப்படைத்த ஒரு வாரத்துக்குள், பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கக் கடிதம் போக வேண்டும்: திரண்டது எவ்வளவு, செலவு எவ்வளவு, வாங்கியது என்ன, மருத்துவமனை தந்த ரசீதின் நகல். அதே கடிதம், தலைமைச் செவிலியரின் தேவைப் பட்டியல், உண்டியல் எண் நோட்டு, எந்தக் கடைக்காரர் தள்ளுபடி தந்தார், யார் வாசலிலேயே விரட்டினார் என்ற குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு அடுத்த செயலாளரிடம் கொடுங்கள். போன ஆண்டுச் செயலாளர் உங்களிடம் அப்படி எதுவும் தரவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு, கலை நிகழ்ச்சியின் வரவு செலவு எங்கே என்று கேளுங்கள்.