தவ்வையின் வயிறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு கற்சிலை சாய்ந்து கிடக்கிறது. பெருவயிறும் அகன்ற இடுப்புமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஒரு பக்கம் மாட்டுமுகத்தோடு ஒருவன், மறுபக்கம் ஒரு இளம்பெண். "அது மூதேவி, கும்பிடாதே" என்கிறார் அத்தை. ஒரு பெண்தெய்வத்தை ஏன் இத்தனை அவலட்சணமாகச் செதுக்கினார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பார்த்தது தவ்வை. வடமொழியில் ஜேஷ்டா, பழந்தமிழில் சேட்டை. மூத்தவள் என்றுதான் பொருள். மூதேவியும் மூத்த தேவிதான். அது பின்னால் வசைச்சொல்லாகிவிட்டது. மாட்டுமுகத்தான் அவள் மகன் மாந்தன், அந்தப் பெண் அவள் மகள்.

அவலட்சணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிற்பி அவளுக்கு மகுடமும் கழுத்தணியும் பீடமும் கொடுத்திருக்கிறான். இருபுறமும் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறான். அந்த வயிறு பிள்ளை பெற்ற வயிறு. ஒடுங்கிய இடையை மட்டுமே அழகென்று பழகிய நம் கண்ணுக்குத்தான் அது உறுத்துகிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர்கள் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். திருப்பரங்குன்றம் குடைவரையில் இன்னும் தெளிவான சாட்சி இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்தில், 773இல், சாத்தன் கணபதி என்ற அதிகாரியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு பெண், தன் பெயர் விளங்க, இவளுக்குக் கோயில் எடுத்திருக்கிறாள்! அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

வெறுப்பும் பழையதுதான், மறைக்கவில்லை. பொறாமைக்காரனைத் திருமகள் தன் அக்காளான தவ்வையிடம் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்கிறது குறள். சேட்டையின் மடியில் செல்வத்தை எதிர்பார்த்திருக்கிறீர்களே என்று தொண்டரடிப்பொடியாழ்வார் கடிந்துகொள்கிறார். ஆனால் அந்தக் கோபத்தையே கொஞ்சம் கவனியுங்கள். செல்வம் வேண்டி அவளிடம் ஜனங்கள் போய்க்கொண்டிருந்ததால்தானே அவர் கடிய வேண்டியிருந்தது?

அத்தையிடம் நக்கன் கொற்றியின் கதையைச் சொல்லுங்கள். அப்புறம், சிலையை யாரும் பொக்லைன் வைத்துப் புரட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அவள் தோளுக்கு மேலே அவளுடைய அடையாளமான காக்கைக் கொடி தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால் தேய்ந்த கோடும் தெரியும்.