மருத்துவர் பதில்: பழைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தே ஓய்ந்துபோனேன்

கேள்வி: எனக்கு வயது 53. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். மூன்று வருடமாகத் தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில், ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன், அதாவது பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டு எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறேன். ஆரம்பத்தில் தினம் 5 பக்கம்தான். ஒரு மெய்ப்புப் போட்டியில் சேர்ந்த பிறகு 40 பக்கம் வரை போனது. போட்டி முடிந்தும் குறையவில்லை, இரவு ஒரு மணி வரை உட்காருகிறேன். கண் எரிகிறது. பின்கழுத்து வலிக்கிறது. வலது கை விரல்கள் தூக்கத்தில் மரத்துப்போகின்றன. அதைவிட மோசம், பக்கத்தைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. போன வாரம் நான் பார்த்த பக்கத்தில் விட்டுப்போன இரண்டு பிழைகளை ஒரு தம்பி மரியாதையாகத்தான் எடுத்துச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். விட்டுவிடலாம் என்று நினைத்தால், பாதியில் நிற்கும் புத்தகம் கண்முன் வந்து நிற்கிறது. இது நோயா? நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்று இரவே நானும் விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியாமல் பதில் சொல்ல மனம் வரவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான ஒரு கட்டுரைப் புத்தகம். 'லை', 'னை' எல்லாம் பழைய துதிக்கை வடிவில் இருந்தன. படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும் கணினி, பல இடங்களில் ரகரத்தைத் துணைக்கால் (ா) என்று படித்துவைத்திருந்தது. 'மரம்' 'மாம்' ஆகியிருந்தது, 'அரசன்' 'அாசன்' ஆகியிருந்தான். ஒரு பக்கம் முடிக்க எனக்கு 25 நிமிடம் ஆயிற்று. முடிந்ததும் கவனித்தேன், என் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியிருந்தன, கண் காய்ந்து போயிருந்தது. நீங்கள் இதை நாளுக்கு 40 முறை செய்திருக்கிறீர்கள். ஓய்ந்துபோனதில் ஆச்சரியமே இல்லை.

முதலில் 'இது நோயா' என்ற கேள்வி. நீங்கள் சொல்வதை 'பர்ன் அவுட்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலைமீது வெறுப்போ விலகலோ வருவது, நம்மால் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அந்த நிறுவனம் இதை ஒரு நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் சொல்கிறது. 'எனக்குச் சம்பளமே இல்லையே, இது எப்படி வேலையாகும்' என்று நீங்கள் கேட்கலாம். 1974-இல் இந்தச் சொல்லை மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர். தன்னோடு அங்கே உழைத்தவர்களையும் தன்னையும் பார்த்துத்தான் இதை எழுதினார். அதிகம் ஈடுபாடு உள்ளவர்களே முதலில் ஓய்கிறார்கள் என்பது அவர் அன்றே கண்டது. எரிச்சல் வருவதால் தமிழ்மேல் உங்களுக்குப் பற்றுக் குறைந்துவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் பர்ன் அவுட் கணக்கில் எழுதிவிட நான் தயாராக இல்லை. உங்கள் விரல் மரத்துப்போவதுதான் என்னை யோசிக்கவைக்கிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டில் ஒரு நரம்பு அழுந்துகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மவுஸ் பிடித்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இது கூடலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சர்க்கரை இருந்தாலும் இதே தொல்லை வரும். தைராய்டு குறைந்தால் களைப்பும் மனத் தளர்ச்சியும்கூட வரும். மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கம் கெடுவதும் சட்டென்று கண்ணீர் வருவதும் உண்டு. அதனால் தைராய்டு (டி.எஸ்.எச்.), சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12 நான்கையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தமும் பாருங்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்று அணிந்து தூங்கினால் பலருக்கு மரத்துப்போவது குறைகிறது. பெருவிரல் அடிச்சதை மெலிந்தாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ நரம்பு மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

கழுத்து வலிக்கு ஒரு கேள்வி. உங்கள் கண்ணாடி கீழ்ப்பகுதியில் படிக்கும் பவர் உள்ளதா? இந்த வயதில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்த திரையைப் பார்க்க வேண்டுமானால், தாடையைத் தூக்கிக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். மெய்ப்பு வேலையிலோ பக்கத்தின் படம் ஒரு புறம், எழுத்து மறுபுறம். தாடையைத் தூக்கியபடியே தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். என் நோயாளி ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இதற்காக ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கணினித் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி போட்டதும் மூன்றே வாரத்தில் தைலத்தை விட்டார். கண் மருத்துவரிடம் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லிக் கேளுங்கள். அதுவரை திரையைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள். விக்கிமூலத்தில் படத்தை மேலும் எழுத்தைக் கீழுமாக மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, முயன்று பாருங்கள்.

கண் எரிச்சலுக்குக் காரணம் இமைக்க மறப்பது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை போல இமைப்பவர்கள், திரையில் கவனமாகப் படிக்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பாருங்கள் என்பார்கள். என்னைக் கேட்டால், எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது இன்னும் நல்லது, கழுத்துக்கும் சேர்த்து ஓய்வு கிடைக்கும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், கண் அழுத்தத்தையே கூட்டிவிடும்.

சரி, வேலையை என்ன செய்வது? இரண்டு வாரம் முழுசாக நிறுத்துங்கள். அப்புறம் திரும்பும்போது பக்கக் கணக்கு வேண்டாம், நேரக் கணக்கு வையுங்கள். காலையில் 40 நிமிடம், அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திறக்கவே கூடாது. நாட்டுடைமையான புத்தகங்கள் மட்டுமே 2,000-க்கும் மேல் அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. அந்தக் குவியலைப் பார்த்து உழைத்தால் எந்த மனித உடம்பும் தாங்காது. அது முடிகிற வேலையில்லை, நாம்தான் முடிவு நேரம் வைக்க வேண்டும். மணி அடித்தபோது பக்கம் பாதியில் இருந்தால், இன்னும் மெய்ப்புப் பார்க்காத பக்கம் என்பதைக் காட்டும் சிவப்பு நிலையை மாற்றாமல் சேமித்துவிட்டு எழுந்துவிடலாம்.

புத்தகத்தின் நன்மைக்கும் இதுதான் நல்லது. நமக்குப் பழகிய சொல்லை மூளை ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பதில்லை, எதிர்பார்த்ததைப் பார்த்துவிட்டுப் போய்விடும். களைத்த மூளை இன்னும் அதிகமாக அப்படிச் செய்யும். இரவு 12 மணிக்கு 'அாசன்' கண்ணில் 'அரசன்' என்றே படும். அந்தத் தம்பி காட்டிய இரண்டு பிழைகளும் எந்த நேரத்தில் விட்டுப்போனவை என்று பக்க வரலாற்றில் பாருங்கள், என் ஊகம் நள்ளிரவு. தவிர, நீங்கள் மெய்ப்புப் பார்த்து மஞ்சளாக்கும் பக்கத்தை வேறொருவர் சரிபார்த்துத்தான் பச்சையாக்க வேண்டும் என்பது அங்குள்ள முறையே. ஒருவர் கண்ணுக்குத் தப்பும் என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அவர் செய்தது உங்களைக் குறை சொல்வதில்லை, அவர் பங்கு வேலை. பழைய புத்தகங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் குட்டன்பெர்க் திட்டத்துக்காக 2000-இல் தொடங்கிய ஆங்கில மெய்ப்புக் குழுவும் புதிதாக வருபவரிடம் எந்தக் கட்டாயமும் வைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்தால் மகிழ்ச்சி என்றுதான் சொல்கிறது.

இன்னொன்று. மெய்ப்புக்காக இல்லாமல், சும்மா சாய்ந்துகொண்டு ஒரு புத்தகம் கடைசியாக எப்போது படித்தீர்கள்? இந்த இரண்டு வாரத்தில் அச்சுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். பிழை கண்ணில் பட்டால் படட்டும், பென்சிலைத் தொடாதீர்கள்.

ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்துக்குப் பிறகு எதிலுமே, பேரப்பிள்ளை, கோயில், பாட்டு எதிலுமே, பிடிப்பு வரவில்லை, அதிகாலையில் விழிப்பு வந்து தூக்கம் போய்விடுகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது பர்ன் அவுட்டைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், நல்ல சிகிச்சை இருக்கிறது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

பாதியில் நிற்கும் அந்தப் புத்தகத்தின் உரையாடல் பக்கத்தில் இன்றைக்கே ஒரு வரி எழுதுங்கள்: 'இந்தப் பக்கம் வரை பார்த்திருக்கிறேன், உடல்நலம் கருதி இரண்டு வாரம் ஓய்வு, விரும்புபவர் தொடரலாம்.' எழுதிவிட்டுக் கணினியை மூடி வையுங்கள். நாளை காலை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு, முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.