கண்காணிப்பு விடுதலையில் விதி மீறினால் என்ன ஆகும்? சில கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் இருக்க வேண்டிய 'சூப்பர்வைஸ்டு ரிலீஸ்', அதாவது கண்காணிப்பு விடுதலை பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். குற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் கோப்புகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். மாநில நீதிமன்றத் தண்டனைக்கு விதிகள் வேறு. இங்கே பேசுவது ஃபெடரல் மட்டும்.

தண்டனையை முழுசாக முடித்துவிட்டு வந்தவரை மறுபடி எப்படி உள்ளே போட முடியும்? இது நம் ஊர் பரோல் மாதிரியா?

இல்லை. நம் ஊர் பரோல் தண்டனைக்கு நடுவே கிடைக்கும் விடுப்பு. ஃபெடரல் வழக்குகளில் 1987 நவம்பர் 1-க்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குப் பரோலே கிடையாது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இது. "இத்தனை மாதம் சிறை, அதன் பிறகு இத்தனை வருடம் கண்காணிப்பு" என்று தீர்ப்பு நாளிலேயே நீதிபதி எழுதிவிடுகிறார். அதனால் சிறைக் கதவைத் தாண்டியதும் தண்டனை முடிந்துவிட்டது என்று நினைப்பதே தப்பு. வெளியே வந்த 72 மணி நேரத்துக்குள், கண்காணிக்கும் ஆபீசர் இருக்கும் ப்ரொபேஷன் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும்.

(எடிசனிலிருந்து ஒரு அக்கா) என் தம்பிக்கு வயர் ஃப்ராடு (போன், இணையம் வழியான மோசடி) வழக்கில் 3 வருடக் கண்காணிப்பு. 2 வருடம் 8 மாதம் ஒழுங்காக இருந்தான். போன மாதம் அனுமதி கேட்காமல் டல்லாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். மிஞ்சிப் போனால் மீதி 4 மாதம்தானே உள்ளே இருக்க வேண்டும்?

அக்கா, எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வெளியே ஒழுங்காக இருந்த 32 மாதம் கணக்கில் கழியாது. கண்காணிப்பை ரத்து செய்தால், அதாவது மறுபடி சிறைக்கு அனுப்பினால், மூலக் குற்றத்தின் வகையைப் பார்த்து உச்சவரம்பு வரும்: ஏ வகைக்கு 5 வருடம், பி வகைக்கு 3, சி, டி வகைகளுக்கு 2, மற்றவற்றுக்கு 1. சாதாரண வயர் ஃப்ராடு சி வகை. ஆகவே சட்டப்படி 2 வருடம் வரை போகலாம். அதோடு விடாமல், சிறை முடிந்ததும் புதிதாக இன்னொரு கண்காணிப்புக் காலமும் போடலாம்.

பயமுறுத்திவிட்டேன், இப்போது மறுபக்கம். அனுமதியில்லாமல் ஃபெடரல் நீதிமன்ற மாவட்டத்தின் எல்லையைத் தாண்டியது மீறல்களில் கடைசித் தரம். பழைய குற்றப் பதிவு இல்லாதவருக்கு வழிகாட்டி அட்டவணை சொல்வது 3 முதல் 9 மாதம். அதற்கும் நீதிபதி கட்டுப்பட்டவர் இல்லை. எச்சரித்து அனுப்பலாம், நிபந்தனையைக் கூட்டலாம், காலத்தை நீட்டலாம். தம்பி முதலில் வக்கீலைப் பார்க்கட்டும். ஆபீசர் கேட்டால் "வீட்டில்தான் இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். கல்யாணத்துக்குப் போனதை மன்னிக்கும் நீதிபதிகள் உண்டு. பொய்யை அப்படி விடமாட்டார்கள்.

(கொலராடோ) இங்கே கஞ்சா சட்டப்படி கடையிலேயே கிடைக்கிறது. தூக்கத்துக்குக் கஞ்சா 'கம்மி' (gummy) மிட்டாய் சாப்பிட்டால் கூடவா தப்பு?

தப்புதான். உங்களைக் கண்காணிப்பது ஃபெடரல் நீதிமன்றம். அந்தச் சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். ஒரே வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் பரிசோதனையில் பிடிபட்டால் ரத்து செய்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். பரிசோதனைக்கு மறுத்தாலும், துப்பாக்கி வைத்திருந்தாலும் இதே கதை. போதைப்பொருள் பரிசோதனை விஷயத்தில் மட்டும் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிபதிக்கு ஒரு வழி உண்டு. கடைக்காரர் தரும் ரசீது எதற்கும் உதவாது.

அடிதடி வழக்கு ஒன்றில் மாநில நீதிமன்றம் என்னை விடுவித்துவிட்டது. அதை வைத்தே ஃபெடரலில் ரத்து செய்யப் பார்க்கிறார்கள். இது என்ன நியாயம்? ஜூரி கேட்க முடியாதா?

முடியாது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே "நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று ஒரு நீதிபதிக்குத் தோன்றினால் போதும். அங்கே நழுவியது இங்கே மாட்டும். எனக்கும் இது உறுத்தலான விஷயம்தான். ஆனால் வெறுங்கையோடு நிற்கவில்லை நீங்கள். என்ன மீறல் என்று எழுத்தில் தர வேண்டும், ஆதாரத்தைக் காட்ட வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், சாட்சியைப் பெரும்பாலும் குறுக்கு விசாரணை செய்யலாம்.

அப்புறம், உச்ச நீதிமன்றம் 2019-இல் ஹேமண்ட் வழக்கில், ஜூரி இல்லாமலே குறைந்தது 5 வருடம் உள்ளே தள்ளச் சொன்ன ஒரு பிரிவைச் செல்லாது என்றது. 2025 ஜூனில் எஸ்டெராஸ் வழக்கில், ரத்து செய்யும்போது மூலக் குற்றத்துக்குப் பழிவாங்கும் தண்டனையை மனதில் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றது. "பழைய குற்றம் எவ்வளவு மோசம் தெரியுமா" என்று அரசு வக்கீல் ஆரம்பித்தால் உங்கள் வக்கீல் எழுந்து நிற்க வேண்டிய இடம் அது.

ஸ்பீடிங்குக்காக போலீஸ் நிறுத்திக் கேள்வி கேட்டது. இதையுமா சொல்ல வேண்டும்?

சொல்லுங்கள். போலீஸ் கைது செய்தாலோ விசாரித்தாலோ 72 மணி நேரத்துக்குள் ஆபீசருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. டிக்கெட் சின்ன விஷயம், மறைத்தது தனி மீறல்.

காலம் முடிய ஒரு வாரம்தான். இனி எதுவும் செய்ய முடியாதல்லவா?

கடைசி நாளுக்கு முன் வாரன்ட்டோ சம்மனோ வந்துவிட்டால் விசாரணை அதற்குப் பிறகும் நடக்கலாம்.

என் மச்சானை இலங்கைக்கு நாடு கடத்திவிட்டார்கள். கண்காணிப்பும் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தீர்ப்பில் எழுதியிருந்தால் நாடு கடத்தியதால் மட்டும் அது மறையாது. ஆபீசரிடம் மாதாமாதம் போக வேண்டியிருக்காது, அவ்வளவுதான். அந்தக் காலத்துக்குள் அனுமதியில்லாமல் திரும்ப நுழைந்தால் இரண்டு அடி: நுழைந்ததே புதுக் குற்றம், பழைய குற்றத்தைப் பொறுத்து அதற்கு 20 வருடம் வரை உண்டு, கூடவே கண்காணிப்பு மீறல். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்லலாம். யாராவது ஏஜென்ட் மெக்சிகோ வழி என்று பேசினால் இதை அவருக்குக் காட்டுங்கள்.

சீக்கிரம் முடித்துக்கொள்ள வழியே இல்லையா?

இருக்கிறது. ஒரு வருடம் முடிந்ததும் மனு போடலாம். நீதிபதி விரும்பினால் முடித்துவைப்பார், கட்டாயமில்லை. நான் பார்த்தவரை, நஷ்டஈட்டுத் தவணையைத் தவறாமல் கட்டிய ரசீதுகளும், ஆபீசரின் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்ற ஒரு வரியும் இருந்த மனுக்களே தேறின.