கடலூர்ப் பக்கம் காய்கறித் தோட்டத்துக்கு வடமாநில ஆட்களை வைத்தால் கட்டுப்படியாகுமா?

எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் உள்ளூர்க் கூலியைவிடக் குறைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் கேட்டிருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

கேப்பர் மலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண். வெண்டை, கத்தரி, ஓரமாகப் பந்தல் போட்டுப் பாகல். வெண்டை விதைத்து 45 நாளில் காய்க்கு வந்துவிடும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் காய் முற்றி நார் ஓடிவிடும், மாட்டுக்குத்தான் போடலாம். இதில் இன்னொரு சிக்கல், உழவர் சந்தை. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்தார்தான் அங்கே விற்கலாம். விடியற்காலையில் நான் சந்தையில் உட்கார்ந்தால், தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். ஊர்ப் பிள்ளைகள் சிப்காட்டுக்கும் புதுச்சேரி கம்பெனிகளுக்கும் போகிறார்கள். அதில் தப்பே இல்லை.

மூன்று வருடம் முன்பு ஒடிசாவிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கூலியை, அழைத்து வந்த மேஸ்திரியிடம் கொடுத்தோம். தப்பு எங்களுடையதுதான். அவர்கள் கைக்கு முக்கால் பங்குதான் போகிறது என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை. விட்டுப்போன பணத்தை நாங்களே கொடுத்தோம். இப்போது நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போடுகிறோம்.

மோட்டார் கொட்டகையில் படுக்க வைக்காதீர்கள். கழிப்பறையோடு ஓர் அறை கொடுங்கள். வெண்டைச் சுணைக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். அவர்கள் ஊர் ரேஷன் அட்டை ஆதாரோடு இணைந்திருந்தால், கைரேகை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இந்த வசதி இருக்கிறது. பலருக்கு இது தெரியவில்லை, நீங்களே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்மாவும் அந்தப் பெண்ணும் பாத்தியில் பேசிக்கொண்டேதான் பறிக்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

சரி, கணக்கு விஷயம். அவர்களுக்குக் கூலி எழுத நோட்டுப் போட்டபோதுதான் உறைத்தது: முப்பது வருடமாக அதே வேலையைச் செய்யும் அம்மா பெயரில் ஒரு ரூபாய்கூட நாங்கள் எழுதியதில்லை. லாபம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் அவர் கூலிதான். இப்போது நோட்டில் மூன்று பெயர் இருக்கிறது, மூவருக்கும் ஒரே கூலி. அம்மா முதல் மாதப் பணத்தை வாங்கி அரிசிப் பானையில் வைத்தார். இரண்டாவது மாதம் தனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கினார்.