பெர்லினில் மீட்அப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

அக்கா என்று உரிமையோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். நீங்கள் கேட்டது இதுதான்: சென்னையில் ஆறு வருடம் ஜாவா என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான ஜாவா 8-லேயே வேலை பார்த்துவிட்டு பெர்லின் வந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே ஆபீஸில் எல்லோரும் ஜாவா 21, கோட்லின், குபர்னெட்டிஸ் என்று புதுப்புதுத் தொழில்நுட்பமாகப் பேசுகிறார்கள். எந்த ஆன்லைன் கோர்ஸ் வாங்கினால் இவர்களை எட்டிப் பிடிக்கலாம்? மென்பொருள்காரர்கள் சாயங்காலம் கூடிப் பேசுகிற மீட்அப்புக்கு ஜெர்மன் தெரியாமல், ஒருவரையும் தெரியாமல் போய் என்ன செய்வது?

கோர்ஸ் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். ஜாவா 8 வந்தது 2014 மார்ச்சில். அதற்கு அடுத்த பதிப்பு வர மூன்றரை வருடம் ஆயிற்று. 2018-லிருந்து மார்ச், செப்டம்பர் என்று ஆறு மாதத்துக்கு ஒன்று தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. எண் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஏறுவதில்லை. நீண்டகால ஆதரவு உள்ள 11, 17, 21, 25 என்று தாவித் தாவிப் போகிறார்கள். இந்தப் பதிப்புகளில் புதிதாகச் சேர்ந்ததில் ரெக்கார்டு, புதிய சுவிட்ச், டெக்ஸ்ட் பிளாக், விர்ச்சுவல் த்ரெட் என்று அன்றாட வேலைக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு விஷயங்கள் தேறும். இரண்டு மூன்று வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும்.

இவற்றில் எது உங்கள் வேலைக்கு ஆகும், எது காலை வாரிவிடும் என்பதுதான் வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாதது. கோர்ஸ் விற்பவருக்கு எல்லாமே முக்கியம். கூட்டத்துக்கு வருகிறவர், நேற்று நிஜமாக ஓடுகிற ப்ரொடக்‌ஷனில் அடிபட்டதைச் சொல்வார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜாவா 21 வந்து சில மாதம் கழித்து ஒரு மீட்அப் போயிருந்தேன். மேடையில் நடந்த உரை எதைப் பற்றி என்பதே இப்போது நினைவில்லை. இடைவேளையில் ஜன்னல் ஓரமாக பீட்ஸா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், விர்ச்சுவல் த்ரெட்டை ஆன் செய்த அன்று தங்கள் சர்வீஸ் அப்படியே நின்றுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். த்ரெட் என்பது புரோகிராமுக்குள் தனியாக ஓடுகிற ஒரு வேலை இழை. விர்ச்சுவல் த்ரெட் லேசானது, லட்சக்கணக்கில் உருவாக்கலாம். அவற்றைச் சுமப்பது அடியில் இருக்கிற சில நிஜ த்ரெட்கள். சாதாரணமாக சிபியு கோர் எத்தனையோ அத்தனைதான். ஒரு விர்ச்சுவல் த்ரெட் நெட்வொர்க் பதிலுக்குக் காத்திருக்கும்போது நிஜ த்ரெட்டிலிருந்து இறங்கி அடுத்ததற்கு இடம் விட வேண்டும். ஜாவா 21-ல், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும்படி பூட்டிய சின்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் காத்திருந்தால் அது இறங்காது, ஒட்டிக்கொள்ளும். அவர்கள் பயன்படுத்திய ஒரு பழைய லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த கோட், முழுக்க சின்க்ரனைஸ்டு. நான்கு கோர் மெஷின், நான்கும் ஒட்டிக்கொண்டன. சிபியு சும்மா கிடக்கிறது, எரர் ஒன்றும் இல்லை, சர்வீஸ் மட்டும் பதில் சொல்லவில்லை. பீட்ஸா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு பேப்பர் நாப்கினில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினார்.

நாங்கள் அடுத்த வாரம் அதே வேலையைச் செய்வதாக இருந்தோம். மறுநாள் காலை அணியிடம் சொல்லி, முதலில் லைப்ரரிகளைச் சோதித்துவிட்டுத்தான் கை வைத்தோம். இந்த எச்சரிக்கை அப்போதே ஆவணத்திலும் இருந்தது, நான்தான் அழுத்திப் படிக்கவில்லை. ஒரு மனிதர் நாப்கினில் கட்டம் போட்டுக் காட்டியபோது மண்டையில் ஏறியது. பிறகு 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24-ல் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். அதையும் முதலில் ஒரு மீட்அப்பில்தான் கேள்விப்பட்டேன்.

சரி, போவது எப்படி? பெர்லினில் பெரும்பாலான கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஜெர்மன் தெரியாதது தடையே இல்லை. ஏதாவது ஒரு கம்பெனி ஆபீஸில் ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கும். முகவரியில் ஹின்டர்ஹோஃப் என்று இருந்தால், தெருவைப் பார்த்த கட்டடத்தில் தேடாதீர்கள். வளைவு வாசல் வழியாக உள்முற்றத்துக்குப் போக வேண்டும், பின்கட்டில் இருக்கும். அழைப்பு மணியில் வீட்டு எண் கிடையாது, பெயர்தான் எழுதியிருக்கும். டிசம்பர் இருட்டில் அதைத் தேடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் இருபது நிமிடம் முன்னாலேயே போங்கள். வருகிறேன் என்று பதிவு செய்துவிட்டு முடியாமல் போனால் மறக்காமல் ரத்து செய்துவிடுங்கள். தலையை எண்ணித்தான் பீட்ஸா சொல்கிறார்கள்.

முன்னாலேயே போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நேரத்தில் ஏற்பாட்டாளர்கள் இரண்டு மூன்று பேர் நாற்காலி போட்டுக்கொண்டு, புரொஜெக்டர் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பார்கள். போய், நானும் போடட்டுமா என்று கேளுங்கள். முதல் வருடம் முழுக்க நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உரை முடிந்ததும் எஸ்-பான் ரயில் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. நாற்காலி போடத் தொடங்கிய மூன்றாவது மாதம், அடுத்த கூட்டத்துக்கு வரவேற்பு மேஜையில் நிற்கிறாயா என்று கேட்டார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக உங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்றால், கூச்சப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பத்துக் கூட்டத்துக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரே கூட்டத்துக்குப் பத்து முறை போங்கள். எங்காவது உரை முடிந்ததும் கை தட்டாமல் மேஜையை விரல் முட்டியால் தட்டினால் திடுக்கிட வேண்டாம். இங்கே பல்கலைக்கழகங்களில் பாராட்டுவது அப்படித்தான், சில கூட்டங்களிலும் அந்தப் பழக்கம் உண்டு. யானோவிட்ஸ்ப்ரூக்கே ரயில் நிலையம் பக்கம், ஷ்ப்ரே ஆற்றங்கரையில் சி-பேஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. 1995-ல் ஹேக்கர்கள் தொடங்கியது. விண்வெளி நிலையம் ஒன்று இங்கே விழுந்து புதைந்ததாக அவர்களுக்கு ஒரு கதை உண்டு, உள்ளே அலங்காரமும் அதற்கேற்ற மாதிரிதான். அங்கே ஏதாவது கூட்டம் நடந்தால் இடத்தைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

அப்புறம் பிரஸ்ஸல்ஸ். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரித் தொடக்கத்தில், சனி ஞாயிறு இரண்டு நாள், யுஎல்பி பல்கலைக்கழக வளாகத்தில் ஃபாஸ்டெம் நடக்கும். 2000-ல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் மாநாடு. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, நேரே உள்ளே நடக்கலாம். ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் தனி அறை. ஜாவாவுக்கும் பல ஆண்டுகளில் ஓர் அறை இருந்திருக்கிறது. அறை நிரம்பினால் கதவில் தாள் ஒட்டிவிடுவார்கள், பிறகு கெஞ்சினாலும் விடமாட்டார்கள். அதனால் கேட்க நினைக்கிற உரைக்கு முந்தின உரையிலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும். தவறினாலும் கவலை இல்லை, பதிவுகளை இலவசமாகவே வெளியிடுகிறார்கள். நாம் தினமும் பயன்படுத்துகிற லைப்ரரியை எழுதியவர் வெளியே மழையில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார், பேச்சுக் கொடுத்தால் பேசுவார். ரயிலில் கொலோன் வழியாக ஏழு மணி நேரம் ஆகும். ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தால் பெல்ஜியத்துக்குத் தனி விசா வேண்டாம், பாஸ்போர்ட்டையும் அந்த பெர்மிட்டையும் கையில் வைத்திருங்கள்.

டிசம்பர் கடைசியை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஊரே அடங்கிப்போகும். தனியாக இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வாரம் மிகவும் கனமானது, எனக்கு இருந்தது. 27 முதல் 30 வரை கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் சங்கத்தின் மாநாடு நடக்கும்; 1984-ல் ஹாம்பர்க்கில் தொடங்கியது, நடுவில் பெர்லின், லைப்ஸிக் என்று போய்விட்டு 2023-ல் ஹாம்பர்க்குக்கே திரும்பியது. டிக்கெட் கிடைப்பது சிரமம், ஆனால் முயற்சி செய்யுங்கள். ஜெர்மன் உரைகளைத் தன்னார்வலர்கள் அங்கேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்கள். அங்கே தன்னார்வலருக்கு எங்கல் என்று பெயர், தேவதை என்று பொருள். ஷிஃப்ட் எடுத்தால் அவர்கள் சமையலறையில் சூடாகச் சாப்பாடும் உண்டு. கதவருகே இரவு ஷிஃப்ட் நின்ற ஒரு டிசம்பரில்தான் இந்த நாட்டில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது.

விடுமுறை பற்றி ஒரு வார்த்தை. பெர்லினில் பில்டுங்ஸ்ஸைட் என்ற கல்வி விடுப்புச் சட்டம் இருக்கிறது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆனபின், வருடத்துக்கு ஐந்து நாள் சம்பளத்தோடு விடுப்பு எடுத்துப் படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற வகுப்பாக இருக்க வேண்டும். அதை ஜெர்மன் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாநாட்டுச் செலவுக்கு உங்கள் மேனேஜரிடம் தனியாகக் கேளுங்கள், பல கம்பெனிகளில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். நாம் கேட்கத் தயங்குவோம், அவர்களாகத் தரமாட்டார்கள்.

நான் சென்னையில் படித்த காலத்தில் லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடியில் கூடும். அங்கேயும் உரை முடிந்து மரத்தடியில் நின்று பேசியதில்தான் அதிகம் கற்றேன். உங்களுக்கு இது முற்றிலும் புது உலகம் என்று நினைக்காதீர்கள். ஜாவா 8-ல் ஓடுகிற சிஸ்டம் இங்கேயும் இருக்கிறது. அதை உடைக்காமல் எப்படி நகர்த்துவது என்று ஆறு வருடம் பார்த்தவர் சொன்னால் ஐந்து நிமிட உரைக்குக் கண்டிப்பாக ஆள் இருக்கும். இப்போதே வேண்டாம், நாலைந்து கூட்டம் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாளும் இடமும் முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள். ஆறு இருபதுக்கு முற்றத்தின் வாசலில் நிற்கிறேன், சேர்ந்தே நாற்காலி போடுவோம்.